தாயம்மா கேட்ட சாவி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அண்ணன் நாகேந்திரன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் முள்ளிப்பேடு நகர்மன்றத் தலைவர் ஐயா வேலுசாமி அவர்களே, ஆணையர் அவர்களே, என்னோடு மன்றத்தில் பணியாற்றும் உறுப்பினர்களே, பெண் உறுப்பினர்களின் கணவர்மார்களே, எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் என் சகோதரிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயம்மாவின் கணவர் வேம்புலி அவர்களே, மகள் யுவராணி, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் வனஜா. ஒன்பதாவது வார்டு உறுப்பினர். மறைந்த தாயம்மா பத்தாவது வார்டு. அவர் ஒரு கட்சி, நான் வேறு கட்சி. மன்றத்தில் எதிரெதிர் வரிசை. வெளியே வந்தால் ஒரே ஷேர் ஆட்டோ.

இங்கே எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் தாயம்மாவை அமைதியானவர் என்றார்கள், பண்பானவர் என்றார்கள், யார் மனமும் நோகாமல் நடந்துகொண்டவர் என்றார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. இந்த மேடையில் இருப்பவர்களில் தாயம்மாவிடம் திட்டு வாங்காதவர் யார்? நான் வாங்கியிருக்கிறேன். நகர்மன்றத் தலைவர் வாங்கியிருக்கிறார். போன மாதம் வந்த புது ஆணையர் ஒருவர்தான் தப்பித்தார்.

கோபத்தோடுதான் பேசப் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய கூட்டம் இது. நகர்மன்றக் கூடத்தைக் கேட்டோம். பதவியில் இருக்கும்போது இறந்த உறுப்பினருக்கு இரங்கல் கூட்டம் நடத்தக் கூடத்தைத் தரலாம் என்று விதி இல்லையாம். விதி இல்லை என்றால் தடையும் இல்லைதானே என்று கேட்டேன். அதை மன்றம்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். மன்றம் எப்போது கூடும்? அடுத்த மாதம். கடைசியில் இந்தக் கல்யாண மண்டபத்தின் மாடியை உரிமையாளர் சும்மா கொடுத்தார். கீழே நிச்சயதார்த்தம் நடக்கிறது, பாட்டுச் சத்தம் உங்களுக்கும் கேட்கிறது. இருபது வருடத்துக்கு மேல் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்தவருக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

தாயம்மா யார் என்று தெரியாத புதியவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

திருமுல்லைவாயிலுக்கும் நம் ஊருக்கும் நடுவே இன்று அடுக்குமாடி வரிசையாக நிற்கிற இடமெல்லாம் முன்பு வயல். அதில் ஒரு பகுதி எங்கள் குடும்பத்து நிலம். அந்த நிலத்தில் தாயம்மாவின் அம்மா நடவுக்கு வந்தவர். தாயம்மா வயலுக்குப் போகவில்லை. பத்தாவது முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தார். கல்யாணம் ஆனது, யுவராணி பிறந்தாள், மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் ஆளாளுக்குத் தங்கள் மனைவி பெயரை நீட்டிக்கொண்டிருந்தபோது, கம்பெனிப் பெண்கள் சேர்ந்து போய் இவருக்குத்தான் சீட்டு வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். ஜெயித்தார்.

முதல் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெண் உறுப்பினர்கள் பக்கத்தில் அவரவர் கணவர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மனைவியை வராண்டாவில் உட்காரவைத்துவிட்டுத் தாங்களே உள்ளே வந்துவிட்டார்கள். என் கணவர் வரவில்லை. அது அவர் பெருமை இல்லை, அன்று அவருக்குக் காய்ச்சல். தாயம்மா தனியாக வந்தார். அவருக்குக் கடைசி வரிசையில், கதவோரம், கை உடைந்த நாற்காலி. ஏன் அந்த நாற்காலி என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது.

தாயம்மா அதில் உட்காரவில்லை. முன்வரிசையில் மனைவிக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போய் நின்றார்.

"சார், இன்னா எலெக்‌ஷன்ல நின்னீங்க?"

அவர் முழித்தார். "என் ஒய்ஃப் நின்னாங்க."

"அப்ப அவங்களக் கூப்டுங்க. நீங்க எழுந்துருங்க, நான் அவங்க பக்கத்துல உக்காரணும்."

அவர் எழுந்தார். வராண்டாவில் இருந்து அவர் மனைவி வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தாயம்மா உட்கார்ந்தார். அந்த அம்மா இப்போது இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இன்று மன்றத்தில் நம் எல்லாரையும்விட நன்றாகப் பேசுகிறவர் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாயம்மா பேருந்து நிலையக் கழிப்பறைக்காகப் போராடினார் என்று அழைப்பிதழில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். ஒரு வரி. அதில் என்ன நடந்தது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் நமக்குத்தான் அசிங்கம். நான் சொல்கிறேன்.

நம் பேருந்து நிலையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பெண்கள் வந்து இறங்குகிறார்கள்? கம்பெனிப் பெண்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். திருவள்ளூர்ப் பக்கத்தில் இருந்து ரயிலில் வந்து, பஸ் பிடித்து, கம்பெனி வேன் வரும்வரை காத்திருப்பவர்கள். அங்கேயே காலை முதல் இரவு வரை பூ விற்பவர்கள், பழம் விற்பவர்கள், குப்பை அள்ளுபவர்கள். இத்தனை பேருக்கும் ஒரு கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குச் சுவர் இருந்தது. பெண்களுக்கு லாரி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருட்டு இருந்தது. பகலில் அதுவும் இல்லை.

மன்றம் தீர்மானம் போட்டது. நல்ல கட்டடம் கட்டினோம். வெளியே ரோஸ் நிறம், உள்ளே வெள்ளை டைல்ஸ், மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம். முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். நானும் இருக்கிறேன் அந்தப் படத்தில். எடுத்துவிட்டுப் பூட்டினோம்.

ஏன் பூட்டினோம்? கட்டடம் கட்டியது பொறியியல் பிரிவு. நடத்த வேண்டியது சுகாதாரப் பிரிவு. தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஏற்றுக்கொள்ள முடியாது என்றது சுகாதாரப் பிரிவு. ஏற்றுக்கொண்டால்தான் இணைப்பு கொடுக்க முடியும் என்றது பொறியியல் பிரிவு. சாவி ஒப்பந்ததாரரிடம். இறுதி பில் வராமல் சாவியைத் தரமாட்டேன் என்றார் அவர். ஒப்படைப்பு முடியாமல் இறுதி பில் போட முடியாது என்றார்கள் நம் அலுவலகத்தில். இதில் யார் சொன்னது தவறு? யார் சொன்னதும் தவறில்லை. எல்லாரும் விதிப்படிதான் பேசினார்கள். விதிப்படி ஒன்றரை வருடம் அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு பலகை: 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' ஒரு நாள்கூடத் திறக்காத கட்டடத்தில் என்ன பராமரிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாயம்மா கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர், "உறுப்பினரின் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றார். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் எல்லாரையும்போல அவரும் காத்திருக்கப் பழகிவிட்டார்.

பிறகு சிம்ரன் விழுந்தாள். சிம்ரன், எங்கே இருக்கிறாய், அம்மா? அங்கே மூன்றாவது வரிசையில், பச்சை சுடிதார். அந்தப் பெண்ணுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, வயிற்றில் ஐந்து மாதம். சாயங்கால ஷிப்டு முடிந்து வந்தவள், பஸ் வருவதற்குள் லாரிகளுக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருக்கிறாள். அங்கே மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், மேலே மூடி போடவில்லை. அந்த மூடிகள் பக்கத்திலேயே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அடுக்கி வைத்தது வரைதான் அந்த ஒப்பந்தமாம். சிம்ரனுக்குக் கால் உடைந்தது. பூ விற்கிற ராணியம்மா சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்திருக்காவிட்டால், இன்று அவள் மடியில் இருக்கிற குழந்தை இல்லை.

அந்த மாதக் கூட்டத்தில் தாயம்மா எழுந்தார். பொறியாளர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "அந்தம்மா அங்க ஏன் போனாங்க? அது பொதுமக்கள் நடமாட அனுமதி இல்லாத பகுதி."

தாயம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அப்படித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், உங்க ஊட்டுல பாத்ரூம் கீதா?"

"அது எதுக்கும்மா இப்போ?"

"கீதா இல்லியா?"

"இருக்கு."

"அதான் உங்களுக்குத் தெரியல அவ ஏன் போனான்னு."

தலைவர் குறுக்கிட்டார். இது இன்றைய கூட்டப் பொருளில் இல்லை என்றார். "அவசரம்னா எழுதிக் குடும்மா. அடுத்த கூட்டத்துல வச்சிக்கலாம்."

"அவசரம்னு எழுதிக் குடுத்துட்டு இன்னா தலைவரே, அடுத்த மாசம் வரைக்கும் அடக்கிக்கினு உக்காந்திருக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தாயம்மா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், ஆட்டோவில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "சிரிச்சிட்டாங்க இல்ல வனஜாக்கா. பாத்துக்குவோம்."

அடுத்தது பட்ஜெட் கூட்டம். வருடத்திலேயே நீளமான கூட்டம் அதுதான். பட்ஜெட் கூட்டத்துக்கு எல்லாரும் வருவார்கள், கணவர்மார்களும் தவறாமல் வருவார்கள், மதியம் பிரியாணி உண்டு. அன்று தாயம்மா சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் எல்லாருக்கும் அவர் கையாலேயே டீ கொடுத்தார். கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் இன்னொரு டீ. பிறகு மோர். "வெயில் காலம், குடிங்கக்கா, குடிங்கண்ணே" என்று ஒவ்வொருவருக்கும் தண்ணீர் பாட்டில் நீட்டினார். எனக்குக்கூட மனதுக்குள் சந்தோஷம், பரவாயில்லை, இவள் கொஞ்சம் கலந்து பழகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று.

முதலில் எழுந்து போனவர் மூன்றாவது வார்டு உறுப்பினர். போனவர் உடனே திரும்பி வந்தார். அடுத்தவர் போனார், வந்தார். பிறகு தலைவரே எழுந்தார். தலைவருக்குச் சர்க்கரை உண்டு, இது ஊரறிந்த விஷயம்தான், அவருக்குத் தாங்காது. அவரும் போய்விட்டு வந்து நின்றார். மன்றக் கட்டடத்தில் மாடியில் இரண்டு கழிப்பறை, கீழே ஒன்று. மூன்றிலும் பூட்டு. மூன்றிலும் ஒரு அட்டை. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அப்போதிருந்த ஆணையரின் அறையில் ஒன்று உண்டு. அதில் குழாய் உடைந்து, பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சுற்றுச்சுவர் ஓரம் ஒதுங்கலாம் என்று கீழே இறங்கிய இரண்டு உறுப்பினர்கள் போன வேகத்தில் மேலே வந்தார்கள். சுவர் நெடுகக் கம்பெனிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. சும்மா நின்றார்கள். அன்று ஞாயிறு இல்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இப்போது இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தவர்கள்.

"யாரு பூட்டுனது?" என்றார் தலைவர்.

"நான்தான்," என்று தாயம்மா எழுந்தார்.

"இது என்னம்மா விளையாட்டு? சாவியக் குடு."

"ஒப்படைப்பு முடியலியே தலைவரே."

"உன்னைச் சஸ்பெண்டு பண்ணிடுவேன்."

"பண்ணுங்க. தீர்மானம் போட்டுத்தான் பண்ணணும். எல்லாரும் உக்காருங்க, பேசிப் போடலாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

பூட்டை உடைத்துவிடலாம் என்றார் பொறியாளர். தாயம்மா அவர் பக்கம் திரும்பினார். "ஒடைங்க சார். ஆனா ஒடைக்கிறது எந்தப் பிரிவு? நீங்களா, சுகாதாரமா? அத முதல்ல முடிவு பண்ணிக்கினு வாங்க."

எனக்கும் அவசரம்தான். அவர் கொடுத்த டீயையும் மோரையும் நானும் குடித்திருந்தேனே. மெதுவாகப் பக்கத்தில் போய், "தாயம்மா, எனக்கு மட்டும் கொடுத்துடு, யாருக்கும் தெரியாம போய்ட்டு வந்துடறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சிம்ரன் கூட இப்டித்தான்கா போனா, யாருக்கும் தெரியாம" என்றார். நான் என் நாற்காலிக்குத் திரும்பிப் போய்க் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சொல்லுங்கள், எவ்வளவு நேரம் தாங்குவோம் நாம்? நாம் படித்தவர்கள், சட்டை இஸ்திரி போட்டவர்கள், கார் வைத்திருப்பவர்கள். மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. பிரியாணி வந்து இறங்கியது. ஒருவரும் தொடவில்லை.

தலைவர்தான் முதலில் இறங்கி வந்தார். இதை அவருக்குப் பெருமையாகவே சொல்கிறேன். கோபம் எல்லாம் போய், நெற்றியில் வியர்வையோடு, "தாயம்மா, உனக்கு இன்னா வேணும்?" என்றார்.

"பஸ் ஸ்டாண்டு சாவி."

தலைவர் போனை எடுத்தார். ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டார். அவர் என்ன சொன்னாரோ, தலைவர் சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது: "பில்லு அப்புறம் பேசிக்கலாம்யா, முதல்ல சாவியோட வா." ஒன்றரை வருடம் வராத சாவி, ஒரு டீ ஆறுகிற நேரத்தில் பைக்கில் வந்தது. தண்ணீர் லாரியை உடனே அனுப்புவதாகப் பொறியாளர் சொன்னார். இன்றே ஏற்றுக்கொள்கிறோம் என்று சுகாதார அலுவலர் சொன்னார். எந்த விதியை அவர்கள் அன்று திருத்தினார்கள்? ஒன்றையும் திருத்தவில்லை. மனது வைத்தார்கள், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தாயம்மா அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு, மூன்று சாவிகளை மேசைமேல் வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனார். அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேராகப் பேருந்து நிலையம். திறப்பு விழா இல்லை, ரிப்பன் இல்லை, கத்தரிக்கோல் இல்லை. தண்ணீர் லாரி வந்தது, கதவைத் திறந்தார்கள். முதலில் உள்ளே போனவர் ராணியம்மா. வெளியே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, திரும்பவும் பூக்கூடை பக்கத்தில் போய் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார். யாரும் கைதட்டவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? மோட்டார் எரிந்தது. திரும்பவும் பூட்டினார்கள். தாயம்மா போனார், திறந்தார்கள். துப்புரவுக்கு ஆள் போடவில்லை, நாறியது, பூட்டினார்கள். போனார், திறந்தார்கள். மின்விளக்கு திருடு போனது, பூட்டினார்கள். விளக்கு திருடு போனதற்குக் கழிப்பறையை ஏன் பூட்ட வேண்டும்? தெருவிளக்கு திருடு போனால் தெருவைப் பூட்டுவோமா? இப்படியே இரண்டு வருடம். ஒரு மனுஷியின் இரண்டு வருடத்தை, ஒரு கதவைத் திறந்து வைப்பதற்காக நாம் எடுத்துக்கொண்டோம். அவர் கேட்டது மேம்பாலம் இல்லை, விளையாட்டரங்கம் இல்லை. ஏற்கெனவே கட்டியதைத் திறந்து வையுங்கள் என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று நேற்று வேம்புலி அண்ணனிடம் கேட்டேன். "சொல்லுங்கம்மா. நாலு பொண்ணுங்க காதுல விழட்டும்" என்றார். அதனால் சொல்கிறேன்.

தாயம்மா திடீரென்று இறந்துபோகவில்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கம்பெனியில் இருந்த காலத்தில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் போக வேண்டும், போக இடம் இல்லை. கம்பெனியில் இருந்தது, ஆனால் மிஷினை விட்டு எழுந்தால் லைன் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ் நிலையத்தில் இல்லவே இல்லை. அதனால் காலையில் இருந்து ராத்திரிவரை நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. நோய்த்தொற்று வரும், மாத்திரை போடுவார், போகும். திரும்பவும் வரும். பல வருடம் அப்படி. உங்களில் எத்தனை பேர் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தலை குனிய வேண்டாம். தலை குனிய வேண்டியவர்கள் மேடையில் இருக்கிறோம்.

பட்ஜெட் கூட்டத்தில் எங்களுக்கெல்லாம் டீயும் மோரும் கொடுத்தாரே, அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அப்போதே கால் வீங்கியிருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. வேம்புலி அண்ணனிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, வாரத்துக்கு நான்கு நாள் ஒரே ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்த என்னிடமும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று சொன்ன வாய். ஏன் குடிக்கவில்லை என்று நான் பிறகு கேட்டேன். "பழகிப்போச்சுக்கா" என்றார். பழகிப்போச்சாம்.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் மன்றத்துக்கு வந்தார். காலையில் மருத்துவமனை, மதியம் கூட்டம். கையில் பிளாஸ்திரியோடு வந்து கேள்வி கேட்பார். உட்காரச் சொன்னால் கேட்க மாட்டார். கடைசியாக நான் அவரைப் பார்த்தது அவர் வீட்டில். நல்ல வெயில். யுவராணி ஒரு சின்ன டம்ளரில் அளந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு அப்போது ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாயம்மா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப குடிக்கவே பயமா இருந்துச்சு. இப்ப குடிக்கக் கூடாதுன்றாங்க. நெனச்சப்ப நெனச்ச அளவு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சது, சின்னப் பொண்ணா இருந்தப்பதான் வனஜாக்கா."

அவரே பேச்சை மாற்றினார். மார்க்கெட் பக்கம் இரண்டாவது கழிப்பறைக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். அந்த இடம் நகராட்சிக்குச் சொந்தமா, சாலைப் பிரிவுக்குச் சொந்தமா என்று ஆறு மாதமாக யாரும் பதில் சொல்லவில்லை என்று என்னைத் திட்ட ஆரம்பித்தார். "நீங்க எதிர்க்கட்சிதானே, கத்துங்களேன். இன்னாத்துக்கு அங்க உக்காந்துகினு கீறீங்க?" அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்கு நான்காம் நாள் போய்விட்டார். நாற்பத்தாறு வயது. அது சாகிற வயதா?

இந்த மேடையில் சற்று முன் தலைவர் ஓர் அறிவிப்பு செய்தார். தாயம்மாவின் நினைவாகப் பேருந்து நிலையத்தில் ஒரு நுழைவு வளைவு கட்டப்படும் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், கை தானாகத் தட்டிவிட்டது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் எனக்குத் தாங்கவில்லை. வளைவு எதற்கு? அதன் கீழே யார் எதற்காக நுழைவார்கள்? இன்று மாலை இங்கே வரும்போது பேருந்து நிலையத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆறு அறையில் இரண்டில் தாழ்ப்பாள் உடைந்து, வெளியே கயிறு கட்டியிருக்கிறது. ஒரு தாழ்ப்பாள் வாங்க முடியாத நாம் வளைவு கட்டப் போகிறோமா?

அறிவிப்பைக் கேட்டதும் நான் யுவராணியிடம் போய்க் குனிந்து கேட்டேன், உனக்குச் சம்மதமா என்று. அந்தக் கழிப்பறைக்கே பெயர் வைக்கலாம் என்று சிலர் முன்பு சொன்னதையும், கக்கூஸுக்கா ஒரு அம்மா பெயர் என்று மற்றவர்கள் முகம் சுளித்ததையும் சொன்னேன். அந்தப் பெண் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

"ஆன்ட்டி, பேரு எங்க வேணா வைங்க, வைக்காமக்கூட இருங்க. அம்மா பேரு இருக்குன்னு அதையும் பூட்டிடாதீங்க, அது போதும்."

பத்தொன்பது வயதுப் பெண். அம்மா போய் ஒரு மாதம் ஆகவில்லை. நம்மிடம் அவள் கேட்பது அவ்வளவுதான்.

ஆகையால் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எதிர்க்கட்சி உறுப்பினராக இல்லை, தாயம்மாவின் தோழியாக உங்களிடம் மைக்கிலேயே கேட்கிறேன். வளைவு வேண்டாம். அதற்கு ஒதுக்குவதாக நினைத்ததை மார்க்கெட் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். அந்த இடம் யாருடையது என்ற கேள்விக்கு அடுத்த கூட்டத்துக்குள் பதில் வர வேண்டும். மார்க்கெட் கழிப்பறைக்காக முன்பே எழுதி வைத்த தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். பதினோரு பெண் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், நான்கு கட்சியும் இருக்கிறது. கணவர்மார்கள் அந்தக் கூட்டத்தன்று வீட்டில் இருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இல்லையா? தலையாட்டுங்கள். நன்றி.

தலைவர் ஏதோ சொல்கிறார். ஐயா, மைக்கில் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும். "வைக்கிறேன்" என்கிறார். "முதல் பொருளாவே வைக்கிறேன்மா" என்கிறார். நன்றி ஐயா. நூற்றுக்கணக்கான பேர் கேட்டிருக்கிறோம்.

சகோதரிகளே, இனி உங்களிடம். தாயம்மா இல்லையே, இனி யார் போய்க் கத்துவது என்று வாசலில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் கத்துவேன். எனக்கு அவ்வளவு நன்றாக வராது, கற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தியே கத்தி, ஒருத்தியே அலைந்து, ஒருத்தியே செத்துப்போகிற கதையை இந்த ஊர் இன்னொரு முறை பார்க்கக் கூடாது. நாளைக் காலை பத்து மணிக்கு மார்க்கெட் பின்பக்கம், அந்தக் காலி இடத்தில், நாங்கள் பதினோரு பேரும் இருப்போம். நில அளவையரை வரச் சொல்லியிருக்கிறோம். வருவாரா தெரியாது. வரும்வரை நிற்போம். ஷிப்டு இல்லாதவர்கள் வாருங்கள்.

வரும்போது ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள். நாங்கள் நிற்கும்போது குடிப்போம். போக வேண்டும் என்றால், எதிரே நம் மன்றக் கட்டடம் இருக்கிறது. மாடியில் இரண்டு, கீழே ஒன்று. வரிசையில் போவோம்.

தாயம்மா, போய் வா. வணக்கம்.